எடுக்காத சருகு

பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவளுக்கு இல்லாமல் இல்லை. ஆனால் வாக்குச்சாவடியைத் தவிர வேறெங்கும் அந்தப் பெயரைச் சொல்லி அவளை யாரும் கூப்பிட்டதில்லை. ஊருக்கே அவள் பெட்டியக்கா. இஸ்திரிப் பெட்டியால் வந்த பெயர். மூன்று மாடிக் கட்டடம் ஒன்றில் மாடிப்படிக்கு அடியில் அவள் கடை. உள்ளே ஒரு மேசை, மேசைமேல் மடித்து விரித்த கம்பளி, சுவருக்குச் சுவர் இழுத்துக் கட்டிய கம்பி, கம்பி நிறையச் சட்டைகள். கொஞ்சம் உயரமானவர்கள் உள்ளே வந்தால் படியில் தலையை இடித்துக்கொள்வார்கள். "குனிஞ்சு வந்தா குறைஞ்சா போயிடுவீங்க?" என்று கேட்பாளே தவிர, பாவம் என்று ஒரு வார்த்தை சொல்ல மாட்டாள்.

அவளுடையது கரி போட்டுச் சூடேற்றுகிற பழைய பெட்டி. மகள் வெளியூரில் வேலைக்குச் சேர்ந்ததும் மின்சாரப் பெட்டி ஒன்றை வாங்கி அனுப்பியிருந்தாள். அது மேசைக்கடியில் அட்டைப்பெட்டியோடு சுகமாகத் தூங்கியது. கேட்டால், "முப்பது வருஷமா நெருப்போடதான் குடித்தனம் பண்றேன். எதுக்கு இப்போ கரண்டோட?" என்பாள். பஸ் ஓட்டுகிற அவள் கணவர் பக்கத்தில் இருந்தால், "அப்போ நான் யாரு, வாடகைக்குக் குடியிருக்கிறவனா?" என்பார். அவர் அப்படித்தான். வண்டியை நிறுத்தினாலும் நிறுத்துவார், கிண்டலை நிறுத்த மாட்டார்.

இந்த நெருப்புப் பெருமைதான் பின்னால் அவளைக் குப்புறத் தள்ளியது. அதைத்தான் சொல்லப் போகிறேன்.

கடை வாசலில் நின்றால் எதிரே மேடு தெரியும். ஊரின் விளிம்பில், பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஏறுகிற பெரிய புல்மேடு. நடுவில் ஒரு பள்ளம், பள்ளத்தில் வற்றாத ஊற்று, ஊற்றைச் சுற்றி முட்புதரும் மரங்களும். மான், முயல், கீரி, கவுதாரி எல்லாம் அங்கேதான். பொது நிலம் என்பதால் ஊரில் ஆளாளுக்கு அதைச் சொந்தம் கொண்டாடினார்கள். ஒருவர் வீடு இடித்த கல்லைக் கொட்டினார், ஒருவர் நாயை அவிழ்த்துவிட்டார், இளவட்டங்கள் மோட்டார் சைக்கிளில் ஏறிக் குதித்தார்கள். பெட்டியக்கா இதையெல்லாம் கண்டுகொண்டவள் இல்லை. மேடு என்றால் அவளுக்கு மேடு, அவ்வளவுதான்.

அவளை மேட்டுக்கு ஏற்றியது இயற்கைமேல் வந்த பாசம் அல்ல. வெள்ளைத் துணிமேல் அவளுக்கு இருந்த பாசம். ஒரு கோடையில் மேடு தீப்பிடித்து, சாம்பல் பறந்து வந்து, ஆஸ்பத்திரிக்காகத் தேய்த்து மாட்டிய அத்தனை வெள்ளைக் கோட்டிலும் உட்கார்ந்தது. ஊதினால் போகவில்லை, தட்டினால் கரி இழுத்தது. பெட்டியக்கா மூக்குமேல் வந்த கோபத்தில், ஒரு சாக்கை நனைத்துத் தோளில் போட்டுக்கொண்டு, எவன் பற்றவைத்தான் என்று கேட்டபடியே மேடேறிப் போய்விட்டாள். பற்றவைத்தவன் கிடைக்கவில்லை. கிடைத்தது தீதான். வனக்காவலர் ஒருவர் தனியாக நின்று இலைக்கொப்பால் அடித்துக்கொண்டிருந்தார். அவள் சாக்கால் அடித்தாள். முகமெல்லாம் கரியாக இறங்கி வந்தபோது அவள் கண்ணில் வேறு ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. எரிந்த புல்லில் ஒரு மான்குட்டி, ஓடத் தெரியாமல் படுத்த இடத்திலேயே கருகிக் கிடந்தது. அன்றிரவு அவளால் சாப்பிட முடியவில்லை.

அந்தத் தீக்குப் பிறகுதான் நகராட்சியில் ஒரு பேச்சு கிளம்பியது. வருஷாவருஷம் எரிகிற நிலத்தைக் காப்பாற்றி என்ன பயன், சரக்குக் கிடங்குகள் கட்டக் கொடுத்துவிடலாம் என்று. பொதுக்கூட்டம் போட்டுக் கருத்துக் கேட்டார்கள். யாரும் வரமாட்டார்கள் என்று நினைத்துத்தான் கேட்டார்கள் போலிருக்கிறது. மண்டபம் நிரம்பி வழிந்தது. கூட்டத்தைத் திரட்டியவள் பெட்டியக்காவின் நாத்தனார், பஸ் டிரைவரின் தங்கை. பஸ் நிலையத்தில் எந்தப் பஸ் எங்கே நிற்கிறது என்று ஒலிபெருக்கியில் சொல்வது அவள் வேலை. ஒலிபெருக்கி கெட்டுப்போன நாட்களில் வெறும் தொண்டையாலேயே சமாளித்துவிடுவாள். ஊர் அவளுக்கு வைத்த பெயர் சைரன்.

கடைசியில் நகராட்சி ஒரு நிபந்தனையோடு இறங்கிவந்தது. மேடு மேடாகவே இருக்கட்டும், ஆனால் பள்ளத்தைச் சுற்றித் தீத்தடுப்புக் கோடு ஒன்றை ஊர்க்காரர்களே போட்டுப் பராமரிக்க வேண்டும். பள்ளம் ஒரு முறை எரிந்தால் போதும், மறுபேச்சில்லாமல் கிடங்கு வரும். சைரன் எழுந்து நின்று, எல்லாருக்குமாகச் சரி என்று சொன்னாள். அந்தச் சரி பக்கத்துத் தெருவரை கேட்டது.

தீத்தடுப்புக் கோடு என்றால் ஏதோ என்று நினைக்க வேண்டாம். பள்ளத்தைச் சுற்றி ஒரு பஸ் போகிற அகலத்துக்குப் புல்லும் சருகும் இல்லாமல் வெறும் மண்ணாகச் செதுக்கிவிட்ட வளையம். தீ வந்தால் தின்பதற்கு ஒன்றும் கிடைக்காமல் அங்கேயே பட்டினி கிடந்து சாகும். ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு பகுதி. கோடை தொடங்கியதும் பெருக்க வேண்டும். பெருக்கிய சருகை அன்றைக்கே வாரிக் கீழே உள்ள குழியில் கொட்ட வேண்டும். இந்தக் கடைசி விதியைச் சைரன் எத்தனை தடவை சொன்னாள் என்று கேட்டால் பஸ் நிலையத்துப் புறாக்களே சொல்லும். பெட்டியக்காவின் தெருவுக்கு வந்தது வாய்க்கால் வாய். மழை பெய்தால் பள்ளத்துத் தண்ணீர் வெளியே வருகிற இடம். அங்கிருந்து தீ நுழைந்தால் நேராக ஊற்றுக்கே போய்விடும். ஆனால் காற்று வழக்கமாக அந்தப் பக்கத்திலிருந்து வீசாது. அதனால் அது சுலபமான பகுதி என்று பேர்.

சில வருஷங்கள் எல்லாம் ஒழுங்காக நடந்தது. பெட்டியக்கா மேட்டில் நாயை அவிழ்த்துவிட்டவர்களை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டாள். கல் கொட்ட வந்த லாரியின் முன்னால் போய் நின்றாள். சிகரெட்டைக் கையில் வைத்துக்கொண்டு மேடேறுகிறவர்களிடம், "அத இப்படிக் குடுங்க, நான் பத்திரமா வச்சிருக்கேன்" என்று வாங்கித் தன் கரிவாளியில் போட்டாள். மான்குட்டிகள் பெருகின. ஊர்க்காரர்களுக்குக் காலை நடைக்கு ஒரு இடமும் பெருமை பேச ஒரு விஷயமும் கிடைத்தன.

அப்புறம் ஒரு கோடையில்தான் அந்தச் சருகு விஷயம் வந்தது.

வாய்க்கால் வாயில் பெருக்கிய சருகைக் கோட்டின் வெளிவிளிம்பில் இடுப்புயரத்துக்கு நீளமாகக் குவித்திருந்தார்கள். பாதிக் கோட்டை அது மறித்துக்கொண்டு கிடந்தது. வாரும் நேரத்தில் ஆஸ்பத்திரியிலிருந்து அவசரமாக ஆள் வந்தது, மறுநாள் காலைக்குள் கோட்டுகள் வேண்டும் என்று. "நீங்க போங்க, மிச்சத்த நான் பாத்துக்கறேன்" என்று தெருக்காரர்களையும் அனுப்பிவிட்டுப் பெட்டியக்கா கடைக்கு ஓடினாள். நாளைக்கு வாரலாம் என்பது அடுத்த வாரம் வாரலாம் என்றானது. கடைசியில் கூடையும் கையுமாக அவள் போய் நின்றபோது, குவியலின் அந்தப் பக்கத்தில், புல்லைப் பார்த்த சரிவில், ஒரு கவுதாரி உட்கார்ந்திருந்தது.

முதலில் அவளுக்கு அது சருகாகத்தான் தெரிந்தது. அப்புறம் சருகுக்குக் கண் இருந்தது. அவள் குனிந்தாள். பறவை நகரவில்லை. கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு, இவளையே பார்த்துக்கொண்டு, இறகைக் கொஞ்சம் விரித்து அடியில் இருந்ததை மூடிக்கொண்டது. இறகின் ஓரத்தில் வெளுப்பாக ஒரு முட்டை எட்டிப் பார்த்தது.

பெட்டியக்கா கூடையைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்துவிட்டாள். கருகிக் கிடந்த அந்த மான்குட்டி ஞாபகம் வந்தது. படுத்த இடத்தைவிட்டு அசையாத பிடிவாதம் இதற்கும் அதற்கும் ஒன்றாக இருந்தது. கவுதாரிக் குஞ்சு பொரித்தவுடனேயே தாயின் பின்னால் ஓடிவிடும் என்று வனக்காவலர் முன்பு சொன்னது நினைவிருந்தது. இன்னும் கொஞ்ச நாள். அதுவரைக்கும் விட்டால் என்ன? இது காற்று வராத பக்கம். தீயைப் பற்றி எனக்கா தெரியாது?

வீட்டில் கணவரிடம் மட்டும் சொன்னாள். அவர், "கவுதாரிக்கு வாடகை வாங்கறியா?" என்று கேட்டுச் சிரித்தார். பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டு, "என் தங்கச்சிகிட்ட சொல்லிடு. அவ கண்டுபிடிச்சா ஊருக்கே கேக்கும்" என்றார்.

அவள் சொல்லத்தான் நினைத்தாள். அந்த வாரக் கூட்டத்துக்கு அதற்காகவேதான் போனாள். ஆனால் சைரன் கையொலிபெருக்கியை வைத்துக்கொண்டு எல்லார் முன்னாலும் தெருத்தெருவாகக் கேட்டாள். பேக்கரித் தெரு எடுத்தாச்சு. மருந்துக்கடைத் தெரு எடுத்தாச்சு. "அண்ணி, வாய்க்கால் வாய்?" எல்லாத் தலையும் திரும்பியது. எடுக்கவில்லை, ஒரு பறவை இருக்கிறது என்று சொன்னால் சைரன் அன்றைக்கே கூடையோடு போய் நிற்பாள். அவளுக்கு விதி என்றால் விதி.

"எடுத்தாச்சு" என்றாள் பெட்டியக்கா.

வார்த்தை தானாக வெளியே வந்தது. சைரன் தலையாட்டிவிட்டு அடுத்த தெருவுக்குப் போய்விட்டாள், சரிபார்க்கக்கூட இல்லை. அண்ணி சொன்னால் அவளுக்கு அது போதும். குஞ்சு இறங்கிப் போனதும் முதல் வேலையாக வாரிவிட்டால் பொய் மெய்யாகிவிடும் என்று பெட்டியக்கா மனசைத் தேற்றிக்கொண்டாள். ஆனாலும் அன்று தேய்த்த சட்டையில் ஒன்றுக்குக் காலர் காந்திப்போனது. அவள் கையில் அப்படி நடந்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது.

தினமும் போய்ப் பார்த்தாள். தினமும் கவுதாரி உட்கார்ந்திருந்தது. சீக்கிரம் பொரிச்சுத் தொலையேன் என்று கெஞ்சினாள், திட்டினாள். அது காது கொடுத்துக் கேட்டதாகத் தெரியவில்லை.

தீ வந்தது ஒரு நடுப்பகலில். பெட்டியக்கா ஒரு வெள்ளைச் சட்டையின் கையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். சட்டைமேல் கறுப்பாக ஏதோ வந்து உட்கார்ந்தது. தட்டினாள், கரி இழுத்தது. வெளியே ஓடிவந்து பார்த்தால் மேட்டின் கீழ்ச்சரிவில், சாலையோரத்தில், புகை. யாரோ குப்பைக்குத் தீவைத்திருக்கிறார்கள், அது புல்லுக்குத் தாவியிருக்கிறது. பெட்டியை மேசை ஓரத்துக் கல்மேல் வைத்துவிட்டு, மூடக்கூட மறந்து, சாக்கைத் தண்ணீரில் முக்கி எடுத்துக்கொண்டு ஓடினாள்.

மேட்டில் அதற்குள் பாதி ஊர் கூடிவிட்டது. பேக்கரிக்காரர் மாவு கையோடு வந்திருந்தார். மருந்துக்கடைக்காரர் மூக்கில் கட்ட எல்லாருக்கும் துணி கொடுத்துக்கொண்டிருந்தார். கணவர் பஸ்ஸை நிலையத்தில் நிறுத்திவிட்டுச் சீருடையோடு வந்திருந்தார். வனக்காவலர் கையில் நீளக் கம்பியும் இடுப்பில் தீப்பந்தமும் வைத்துக்கொண்டு புகையையே பார்த்துக்கொண்டு நின்றார். சைரன் ஒரு பாறைமேல் ஏறி நின்று ஒலிபெருக்கியில் ஆட்களைப் பிரித்தாள்.

"பேக்கரித் தெருப் பக்கம்தான் காத்து! எல்லாரும் அங்க போங்க! வாய்க்கால் வாய் சுத்தமா இருக்கு, அங்க ஒரு ஆளும் வேண்டாம்!"

பெட்டியக்கா அதைக் கேட்டாள். கேட்டுக்கொண்டே பேக்கரித் தெருப் பக்கம் போனாள். போகாமல் நின்றிருக்க வேண்டும், அங்கேயே வாயைத் திறந்திருக்க வேண்டும். இன்றைக்கு வீட்டில் உட்கார்ந்துகொண்டு இதைச் சொல்வது சுலபம். அவள் நின்ற இடத்தில் புகை கண்ணை எரித்தது, எல்லாரும் ஓடிக்கொண்டிருந்தார்கள், காற்று அந்தப் பக்கம்தான் போய்க்கொண்டிருந்தது. ஒருவேளை இப்படியே போய்விட்டால் யாருக்கும் தெரியாமலே முடிந்துவிடும் என்று அவள் மனசு ஆசைகாட்டியது.

அவள் சாக்கால் அடித்தாள். பக்கத்தில் பேக்கரிக்காரர், அவருக்கு அடுத்து கணவர், எல்லாரும் வரிசையாக நின்று, கோட்டைத் தாண்டி விழுகிற பொறிகளை அடித்தார்கள். அவர்கள் முதுகுக்குப் பின்னால் பள்ளம். மேட்டில் இருந்த மான்களெல்லாம் அந்தப் பள்ளத்துக்குள் ஓடிப் புகுந்துவிட்டன. புதருக்குள் குளம்புச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. பெட்டியக்கா இரண்டு அடி அடித்தால் ஒரு தடவை தோளுக்குமேல் திரும்பி வாய்க்கால் வாயைப் பார்த்தாள்.

"என்னாச்சும்மா? அங்க என்ன பாக்கற?" என்றார் கணவர்.

அவள் மறுபடியும் அங்கேயே திரும்பினாள். அவர் முகம் மாறியது. கிண்டல் எதுவும் வரவில்லை. "இன்னும் எடுக்கலையா?" என்றார், மெதுவாக.

அப்போதுதான் புகை நிமிர்ந்தது. அதுவரை ஒரு பக்கமாகச் சாய்ந்து போய்க்கொண்டிருந்த புகை, நேராக எழுந்து ஒரு நிமிஷம் யோசிப்பதுபோல நின்றது. பிறகு மறுபக்கம் சாய்ந்தது. தினமும் கரிக்கு விசிறிப் பழகியவளுக்கு அதற்குமேல் பார்க்க வேண்டியிருக்கவில்லை. சாக்கைப் போட்டுவிட்டு ஓடினாள்.

பாறைமேல் நின்ற சைரன் குனிந்து, "அண்ணி! வரிசைய விட்டு ஏன் வந்தீங்க?" என்று கத்தினாள்.

"வாய்க்கால் வாயில சருகு கெடக்குது."

"எந்தச் சருகு?"

"நம்ம பெருக்கின சருகுதான். எடுக்கல."

"எடுத்தாச்சுன்னு சொன்னீங்களே?"

"சொன்னேன். பொய் சொன்னேன். எடுக்கல."

கையொலிபெருக்கியின் பொத்தானில் இருந்து விரலை எடுக்கச் சைரன் மறந்திருந்தாள். பெட்டியக்கா சொன்னது ஒரு வார்த்தை விடாமல் மேடு முழுக்கக் கேட்டது. சாக்கு அடிக்கிற சத்தம் ஒரு கணம் நின்றது. பேக்கரிக்காரர் திரும்பிப் பார்த்தார். மருந்துக்கடைக்காரர் திரும்பிப் பார்த்தார். ஒருவர் முகத்திலும் ஈயாடவில்லை.

சைரன் பொத்தானை விட்டாள். பாறையைவிட்டு இறங்கினாள். திட்டுவாள் என்று பெட்டியக்கா காத்திருந்தாள். திட்டியிருந்தால் தேவலை. சைரன் வாழ்க்கையில் முதல் தடவையாக, பக்கத்தில் நிற்கிறவருக்கு மட்டும் கேட்கிற குரலில் பேசினாள்.

"வாங்க அண்ணி. நேரமில்ல."

வனக்காவலர், கணவர், சைரன், பெட்டியக்கா, பின்னால் இன்னும் சிலர், எல்லாரும் கோட்டின் வழியே ஓடினார்கள். வாய்க்கால் வாயை அடைந்தபோது தீ எதிர்ச்சரிவில் இறங்கிக்கொண்டிருந்தது. நடுவில் காய்ந்த புல் மட்டும்தான். வனக்காவலர் குவியலை ஒரு தடவை பார்த்தார், தீயை ஒரு தடவை பார்த்தார்.

"வாரறதுக்கு நேரமில்லம்மா. தீ வந்து இதுல ஏறிச்சுன்னா நெருப்பு அப்படியே எகிறி உள்ள போயிடும். கோடு பாதிதான் இருக்கு. அது வர்றதுக்குள்ள நாமளே இத எரிச்சிடணும். பெரிய தீ காத்த தன் பக்கம் இழுக்கும், இந்தப் பக்கத்திலேருந்து வச்சா இது அந்தத் தீயப் பாத்துப் போகும். வரிசையா நின்னு பொறிய அடிங்க, ஒண்ணு உள்ள போகக் கூடாது." இடுப்பிலிருந்து பந்தத்தை உருவிப் பற்றவைத்தார்.

"அந்தப் பக்கம் ஒரு கவுதாரி இருக்கு" என்றாள் பெட்டியக்கா. "முட்டை மேல."

இப்போதுதான் எல்லாருக்கும் ஏன் என்பது புரிந்தது. சைரன் அண்ணியைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபமும் இருந்தது, வேறு ஏதோவும் இருந்தது.

பெட்டியக்கா குவியலைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போக ஓடினாள். கணவர் எட்டிக் கையைப் பிடித்தார். உதறினாள். அவர் விடவில்லை. முன்னால் புல் படபடவென்று வெடித்தது. அந்தப் பக்கத்திலிருந்து வந்த சூட்டில் அவள் தலையில் கட்டிய துண்டின் ஓரம் சுருண்டது. முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் அங்கே நிற்கக்கூட முடியவில்லை. கூடு அந்தச் சரிவில்தான் இருந்தது, தீயைப் பார்த்தபடி.

"ஓடிடு!" என்று கத்தினாள். "ஏய்! ஓடித் தொலையேன்!" ஒரு மண்கட்டியை எடுத்துக் குவியலுக்குமேலாக எறிந்தாள். இன்னொன்று எறிந்தாள். எதுவும் பறக்கவில்லை. அவளுக்குத் தெரியும், அது பறக்காது என்று. பறக்காத குணத்தைப் பார்த்துத்தானே அவள் பொய் சொன்னாள்.

பின்னால் புதருக்குள் ஒரு மான் குரல் கொடுத்தது. ஒன்று கொடுத்ததும் எல்லாம் கொடுத்தன.

"அம்மா, இப்போ வைக்கலைன்னா இனிமே வைக்க முடியாது" என்றார் வனக்காவலர்.

பெட்டியக்கா கையை நீட்டினாள். "குடுங்க."

"நான் வைக்கிறேன்."

"நான் விட்ட சருகு. குடுங்க."

அவர் கொடுத்துவிட்டார். முப்பது வருஷம் நெருப்போடு இருந்த கை அது. குனிந்து குவியலின் அடியில் வைத்தாள். முதலில் புகைதான் வந்தது, பிடிக்காமல் போய்விடக் கூடாதா என்று ஒரு கணம் இருந்தது அவளுக்கு. பிடித்தது. அவள் குவியல் நெடுக நடந்து வைத்துக்கொண்டே போனாள், ஒரு இடம் விடாமல், காலர் தேய்க்கிறபோது ஓரம் விடாமல் தேய்ப்பாளே, அந்த மாதிரி.

அப்புறம் யாருக்கும் நினைக்க நேரமில்லை. குவியல் எரிந்து, எதிரே வருகிற தீயை நோக்கிச் சாய்ந்தது. பொறிகள் இந்தப் பக்கமும் வந்தன. வரிசையாக நின்றவர்கள் அடித்தார்கள். ஒரு பொறி கோட்டைத் தாண்டி முட்புதரின் அடியில் விழுந்து புகைந்தது. சைரன் சாக்கைக்கூடத் தேடாமல் அதன்மேல் காலணியோடு ஏறி நின்று மிதித்தாள், காலணி உருகி நாற்றமெடுக்கும்வரை. இரண்டு தீயும் நடுப்புல்லில் சந்தித்தன. ஒரு பெரிய மூச்சு இழுத்ததுபோல் சத்தம் வந்தது. அதன்பின் தின்பதற்கு இரண்டுக்கும் எதுவும் இல்லை.

தணிந்துவிட்டது. வெயிலும் சாம்பலும் மிச்சம். வனக்காவலர் கம்பியால் தரையைக் கிளறிக்கொண்டே நடந்து, "பள்ளம் தப்பிச்சுது" என்றார். யாரும் கைதட்டவில்லை. தண்ணீர்க் குடம் ஒன்று கைமாறிக்கொண்டு வந்தது. பெட்டியக்காவிடம் வந்தபோது கொடுத்தவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

அவள் குடத்தைக் கீழே வைத்துவிட்டு, சூடு ஆறாத சாம்பலுக்குள் நடந்து போனாள். வனக்காவலர் கூப்பிட்டார், அவள் நிற்கவில்லை. கூடு இருந்த இடத்தை அவளுக்குக் கண்ணைக் கட்டினாலும் தெரியும். அங்கே முட்டைகள் இருந்தன, வரிசை கலையாமல், கறுத்து, வெடித்து. பறவை இல்லை. பறந்துபோயிற்றா, சாம்பலில் எங்கேயாவது கிடக்கிறதா என்று தெரியவில்லை. ஒரு குச்சியால் கிளறிப் பார்க்கலாம். அவளுக்குத் தைரியம் வரவில்லை. சாம்பலில் அப்படியே உட்கார்ந்து ஓவென்று அழுதாள். ஐம்பது வயதுப் பெண் நடுமேட்டில் உட்கார்ந்து அழுவதைப் பாதி ஊர் பார்த்தது. சிலர் பார்க்காத மாதிரி சாக்குகளை மடித்தார்கள்.

சைரன் உருகிய காலணியைக் கையில் பிடித்துக்கொண்டு, வெறுங்காலில் நொண்டி நொண்டி வந்தாள். பக்கத்தில் நின்றாள்.

"அன்னைக்கே என்கிட்ட சொல்லியிருந்தா, நான் என்ன பண்ணியிருப்பேன் தெரியுமா?" என்றாள்.

"தெரியும். வாரிப் போட்டிருப்பே."

"ஆமா. வாரிப் போட்டிருப்பேன். ஒரு கூடுதான் போயிருக்கும்." சைரன் குனிந்து முட்டைகளைப் பார்த்தாள். "இப்பவும் ஒரு கூடுதான் போயிருக்கு. எழுந்திரிங்க அண்ணி. கால் சுடுது."

கடைக்குத் திரும்பினால், மூடாமல் விட்டுப்போன பெட்டியிலிருந்து கரி விழுந்து, மேசைமேல் கம்பளியில் உள்ளங்கை அளவுக்கு ஓட்டை. மாடிக்காரர் யாரோ பார்த்துத் தண்ணீர் ஊற்றியிருக்கிறார். கணவர் அந்த ஓட்டையைப் பார்த்தார், வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். அடுத்த நாள் பெட்டியக்கா அட்டைப்பெட்டியை மேசைக்கடியிலிருந்து இழுத்து மின்சாரப் பெட்டியை எடுத்தாள்.

நகராட்சிக் கூட்டத்தில் பள்ளம் எரியவில்லை என்று வனக்காவலர் சொன்னார். கிடங்குப் பேச்சு அதோடு அடங்கியது. கைதட்டு ஓய்ந்ததும் பெட்டியக்கா எழுந்து நின்றாள். தீயை நிறுத்தியவர்களில் தானும் ஒருத்தி என்று யாரோ சொன்னதாகவும், ஆனால் வாய்க்கால் வாயில் தீ உள்ளே புகப் பார்த்ததே தன்னால்தான் என்றும், எடுக்காத சருகை எடுத்தாச்சு என்று சொன்னதாகவும் சொன்னாள். ஒலிபெருக்கி வேண்டாம் என்றாள். ஏற்கெனவே ஒரு தடவை அதில் சொல்லியாயிற்று என்றாள். யாரோ சிரித்தார், அப்புறம் நிறையப் பேர் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. வாய்க்கால் வாயை வேறு தெருவுக்குக் கொடுங்கள் என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தாள்.

கொடுக்கவில்லை. அது சைரனின் வேலை. "அந்தப் பகுதி அண்ணியோடது" என்று ஒலிபெருக்கியிலேயே சொல்லிவிட்டாள்.

அடுத்த கோடையில் பெட்டியக்கா, தெருக்காரர்களைக் கூட்டிக்கொண்டு முதல் ஆளாகப் போய்ப் பெருக்கினாள். ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் வந்து கீழே நின்று கத்தினார். கத்தட்டும் என்று விட்டுவிட்டாள். குவித்த கையோடு வாரி, கூடை கூடையாகக் குழியில் கொட்டி, கோட்டில் ஒரு இலை இல்லாமல் செய்துவிட்டு, நேராகப் பஸ் நிலையத்துக்கே நடந்து போனாள். சைரன் மைக்குக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். பெட்டியக்கா கண்ணாடிக்கு வெளியே நின்று, "முடிஞ்சுது. வந்து பாரு" என்றாள். சைரன் வந்தாள், பார்த்தாள், போனாள். அதற்கு அடுத்த கோடையிலும் அப்படியே.

மூன்றாம் கோடையில் பஸ் நிலையத்தில் ஒரே கூட்டம். இரண்டு பஸ் தாமதம், மக்கள் கண்ணாடியைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். பெட்டியக்கா தலையில் சருகு ஒட்டிக்கொண்டிருக்க, அந்தக் கூட்டத்துக்குள் இடித்துப் புகுந்து வந்து நின்றாள்.

"முடிஞ்சுது. வந்து பாரு."

சைரன் மைக்கைக் கையால் மூடினாள். இந்தத் தடவை மறக்காமல் மூடினாள். "எடுத்தாச்சா அண்ணி?"

"எடுத்தாச்சு."

"அப்போ சரி. நீங்க சொன்னா போதும்."

பெட்டியக்கா கண்ணாடியை விட்டு நகரவில்லை. பின்னால் ஆட்கள் முணுமுணுத்தார்கள்.

"போதாது" என்றாள். "வந்து பாரு."